ஷாங்காயில் சனியும் ஞாயிறும்

சீன மொழியில் கிழமைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் வழங்குவதில்லை. திங்கட்கிழமை முதல் நாள். செவ்வாய் இரண்டாம் நாள். இவ்வாறே எண்ணிக்கொண்டு சென்றால் சனிக்கிழமை ஆறாம் நாள். ஏழாவது நாளுக்கு மட்டும் எண் இல்லை. அதனைக் கதிரவன் நாள் என்று எழுதுவர். பேச்சில் வான் நாள் என்றும் கூறுவர். ஞாயிறு என்னும் தமிழ்ச் சொல்லும் கதிரவனையே குறிப்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

சனியும் ஞாயிறும் சேர்ந்து ஓய்வு நாள்களாக அமைந்தது அந்நாட்டில் பழைய வழக்கம் அன்று. சீனத் தொழிலாளர் நெடுங்காலம் வாரத்தில் ஆறு நாள் உழைத்தனர். ஞாயிறு ஒன்றே அவர்களுக்கு ஓய்வு நாள். துணி துவைத்தல், கடைக்குச் செல்லுதல், உறவினரைக் காணுதல் ஆகிய அனைத்தையும் அந்த ஒரு நாளிலேயே முடிக்க வேண்டியிருந்தமையால், அது மற்ற ஆறு நாள்களிலும் கடுமையான நாளாகவே கழிந்தது. 1994 ஆம் ஆண்டில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமையும் விடுமுறையாயிற்று. 1995 ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளன்று, ஐந்து நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்னும் முறை நடைமுறைக்கு வந்தது.

ஜெர்மனி நாட்டின் ஞாயிற்றுக்கிழமை வேறு வகையானது. உழைப்பிலிருந்து ஓய்ந்து உள்ளத்தை உயர்த்திக்கொள்வதற்கு உரிய நாள் அது என்று 1919 ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே அந்நாட்டார் எழுதி வைத்தனர். 1949 இல் இயற்றப்பெற்ற அரசியலமைப்பும் அவ்விதியை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆகவே அங்கு ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. அன்று சுவரைத் துளையிட்டாலும், இயந்திரத்தால் புல் வெட்டினாலும், அண்டை வீட்டாரின் சினத்துக்கு ஆளாக நேரிடும். அத்தகைய நாட்டிலிருந்து ஷாங்காயில் வந்து குடியேறும் குடும்பம், தன் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று சாளரத்தைத் திறந்து வெளியே பார்க்கும்போது திகைப்பது இயல்பே. தெருவெல்லாம் மக்கள் திரள். கடைகள் யாவும் திறந்திருக்கும். வார நாள்களைக் காட்டிலும் அன்றுதான் வாணிகம் மிகுதி.

ஷாங்காய் நகரத்துக்கும் ஜெர்மானியருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. அந்நகரின் புகழ் பெற்ற தோங்ஜி பல்கலைக்கழகம், 1907 இல் ஜெர்மன் மருத்துவர் ஒருவர் தோற்றுவித்த மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்ததாகும். 1985 இல், நகரை அடுத்த ஆன்திங் என்னும் ஊரில், வோக்ஸ்வாகன் நிறுவனமும் சீனரும் கூட்டாகக் கார் செய்யும் தொழிலைத் தொடங்கினர். அதன் பின்னர் ஜெர்மன் பொறியியல் வல்லுநர் பலர் மூன்றாண்டு, நான்காண்டு உடன்படிக்கையின் பேரில் மனைவி மக்களோடு வந்து தங்கலாயினர். 2020 ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் சீனப் பெருநிலத்தில் வாழ்ந்த அயல்நாட்டார் 8,45,697 பேர். நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் இது மிகச் சிறிய தொகையே. ஆயினும் ஷாங்காயைப் போன்ற நகரங்களில் அவர்கள் செறிந்து வாழ்கின்றனர்.

திங்கள் முதல் வெள்ளி வரையில் இக்குடும்பங்கள் சீனத்தில் வாழ்கின்றன என்று சொல்வதே சற்று மிகையாகும். தந்தை செல்லும் அலுவலகத்தில் ஆங்கிலமே போதும். பிள்ளைகள் செல்வது அயல்நாட்டார் மக்களுக்கென்றே அமைந்த பள்ளி. சீனப் பெருநிலத்தின் குடிமக்களுடைய பிள்ளைகளை அத்தகைய பள்ளியில் சேர்த்துக்கொள்ள அரசின் விதி இடந்தருவதில்லை. ஆதலால் ஷாங்காயில் நான்காண்டு கற்ற சிறுவன், தன்னோடு ஒரே வகுப்பில் அமர்ந்த சீனச் சிறுவன் ஒருவனையும் அறியாமலே ஊர் திரும்பக்கூடும். வீடோ, மதில் சூழ்ந்து காவலர் நிற்கும் குடியிருப்புக்குள் அமைந்திருக்கும். பள்ளிப் பேருந்து அம்மதிலின் வாயிலுக்கே வந்து அழைத்துச் செல்லும். மாலையில் அங்கேயே கொண்டுவந்து விடும். நகரத்தோடு அவர்கள் உண்மையில் முகங்கொடுத்துப் பழகுவது சனியும் ஞாயிறும் ஆகிய இரண்டே நாள்களில்தான்.

சனிக்கிழமை காலையுணவு பெரும்பாலும் தெருமுனைக் கடையில் அமையும். அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்ட ரொட்டி, எண்ணெயில் பொரித்த நீண்ட மாவுத் துண்டு, சோயாப் பால், பசையரிசிச் சோற்றை அழுத்திப் பிடித்த உருண்டை ஆகிய நான்கையும் ஷாங்காய் மக்கள் நாற்பெருங் காவலர் என்று வேடிக்கையாகக் கூறுவர். பௌத்தக் கோயிலின் முகப்பில் நால்வர் உக்கிர வடிவினராய் நின்று காப்பது போல, இந்நான்கும் வயிற்றைக் காக்கின்றன போலும். பொழுது புலரும் முன்பே எழுந்து மாவு பிசைபவர்கள் அருகி வருவதால், இக்கடைகள் முன்போல மிகுதியாக இல்லை.

அடுத்தது காய்கறிச் சந்தை. கீரை, மூங்கிற் குருத்து, தாமரைக் கிழங்கு, பலவகைக் காளான்கள் ஆகியவை ஒரு புறம். தொட்டிகளில் உயிருள்ள மீன்கள் ஒரு புறம். இலையுதிர் காலமாயின், வைக்கோற் கயிற்றால் கால்களைக் கட்டிய நண்டுகளும் அடுக்கடுக்காய்க் காட்சியளிக்கும். நிறுப்பது ஜின் என்னும் அளவில். ஒரு ஜின் அரைக் கிலோ ஆகும். பத்து லியாங் கொண்டது ஒரு ஜின். முற்காலத்தில் பதினாறு லியாங் ஒரு ஜின்னாக இருந்தது. 1959 இல்தான் பத்தாக மாற்றினர். பழைய அளவு மறைந்தும் பழமொழி மறையவில்லை. இரண்டு பொருள்களில் வேறுபாடு ஒன்றும் இல்லை என்பதற்கு, அரை ஜின்னும் எட்டு லியாங்கும் போல என்று இன்றும் சொல்லுகின்றனர்.

இச்சந்தையில்தான் அயல்நாட்டுக் குடும்பத்தின் இடர்ப்பாடு தொடங்குகிறது. ஜெர்மானியர் விரல்விட்டு எண்ணும்போது கட்டைவிரலில் தொடங்குவர். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டினால் அவர்களுக்கு அது இரண்டு. சீனரோ ஒரு கையினாலேயே பத்து வரை எண்ணிக் காட்டுவர். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீண்டால் ஆறு. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நீண்டால் எட்டு. புதிதாக வந்த ஜெர்மானியர் இரண்டு ஜின் தக்காளி வேண்டி விரல்களை நீட்டினால், கடைக்காரப் பெண் எட்டு ஜின்னை நிறுக்கத் தொடங்குவாள். நான்கு கிலோ தக்காளியைச் சுமந்துகொண்டு வீடு சேர்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

வாய் திறந்து பேசலாம் என்றாலோ, அதுவும் எளிதன்று. சீன மொழியில் ஓசை ஏறுவதும் இறங்குவதும் பொருளை மாற்றிவிடும். மை என்னும் சொல்லைக் குரல் தாழ்ந்து எழுமாறு கூறினால் வாங்குதல் என்று பொருள். உயரத்திலிருந்து சட்டென்று இறங்குமாறு கூறினால் விற்றல் என்று பொருள். வாங்க வந்தவர் விற்க வந்ததாகக் கூறி நிற்பது சந்தையில் அன்றாடக் காட்சி.

இந்நிலையில் முன்வந்து நிற்பது குடும்பத்தின் மிக இளைய பிள்ளையே. ஆறு வயதுச் சிறுவனின் செவி, நாற்பது வயதுத் தந்தையின் செவிக்கு எட்டாத ஓசை வேறுபாட்டையும் பற்றிக்கொள்ளும். ஓராண்டுக்குள் அவன் கடைக்காரப் பெண்ணோடு தயக்கமின்றிப் பேசுவான். அவளை ஆயி என்று விளிப்பான். சிற்றன்னை, அத்தை முதலிய பொருள்களை உடைய இச்சீனச் சொல்லால், தாயின் வயதினளாகிய எந்தப் பெண்ணையும் அழைக்கலாம். தாயைக் குறிக்கும் ஆயி என்னும் தமிழ்ச் சொல்லோடு இது ஒலியில் ஒத்திருப்பது தற்செயலே. தொழிற்சாலையில் நூறு பேருக்கு ஆணையிடும் தந்தை, சந்தையில் மகனின் பின்னே கூடையைச் சுமந்துகொண்டு, அவன் மொழிபெயர்த்துச் சொல்வதற்காகக் காத்து நிற்பார். விலை மிகுதியென்று சொல்லுமாறு தந்தை பணித்தாலும், நாணத்தினால் மகன் சொல்லாமல் விட்டுவிடுவதும் உண்டு. சொன்னானா, இல்லையா என்பதைத் தந்தை அறிய இயலாது. பெற்றோர் பிள்ளையை நம்பி நடக்கும் இம்முறை பிள்ளைக்குப் பெருமிதம் தருகிறது. சிற்சில வேளைகளில் அச்சத்தையும் தருகிறது. மருத்துவரிடமும் காவல் நிலையத்திலும் தானே பேச வேண்டி வருமோ என்னும் அச்சம் அது. அவ்விடங்களுக்குப் பிள்ளையை முன்னிறுத்தாமல், அலுவலக நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரே அறிவுடையவர்.

பணம் செலுத்துவதும் முன்பு தொல்லையாகவே இருந்தது. சந்தையில் நாணயமும் தாளும் கைமாறுவது அரிதாகிவிட்டது. கட்டங்கள் நிறைந்த சதுரக் குறியீட்டைக் கைப்பேசியால் படம்பிடித்து, அலிபே, வீசாட் ஆகியவற்றின் வழியே பணம் செலுத்துவர். சீன வங்கியில் கணக்கில்லாத அயல்நாட்டார் இதனால் இடருற்றனர். 2023 முதல் அயல்நாட்டு வங்கி அட்டைகளையும் அவற்றோடு எளிதில் இணைக்க முடிகிறது. கணக்கு முடிந்ததும், கடைக்காரப் பெண் சிறிது வெங்காயத் தாளை விலையின்றிக் கூடையில் போடுவாள். பழகிய வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை அது. முதன்முறை அவ்வாறு கிடைத்த சனிக்கிழமையைக் குடும்பத்தார் எளிதில் மறப்பதில்லை.

அப்பெண்ணும் ஷாங்காயைச் சேர்ந்தவள் அல்லள் என்பது பின்னரே தெரியவரும். ஆன்ஹுய், ஜியாங்சு முதலிய மாநிலங்களின் சிற்றூர்களிலிருந்து வந்தவர்களே இச்சந்தைகளில் மிகுதியாகக் கடை வைத்திருக்கின்றனர். 2020 கணக்கெடுப்பின்படி ஷாங்காயில் வாழ்வோர் ஏறத்தாழ 2 கோடியே 49 லட்சம் பேர். அவர்களில் 1 கோடிக்கு மேற்பட்டோர் பிற மாநிலங்களில் குடிப்பதிவு உடையவர்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பொதுவாகக் குடிப்பதிவு உள்ள மாநிலத்திலேயே எழுத வேண்டும். ஆதலால் இவர்களுள் பலர் தம் மக்களை ஊரில் பாட்டன் பாட்டியிடம் விட்டு வந்திருக்கின்றனர். அயல்நாட்டுச் சிறுவன் தன்னை ஆயி என்று அழைக்கும்போது, அக்கடைக்காரி எந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்கிறாளோ!

சனிக்கிழமைப் பிற்பகல் பூங்காவுக்கு உரியது. ஷாங்காயின் ஃபூசிங் பூங்கா பிரெஞ்சுக்காரர் தம் ஆட்சிப் பகுதியில் 1909 இல் அமைத்தது. உயர்ந்த மரங்களின் நிழலில் முதியோர் இணை இணையாக நடனம் ஆடுவர், சிலர் சீட்டாடுவர், சிலர் மூச்சடக்கி மெல்ல மெல்லக் கைகளை அசைத்து உடற்பயிற்சி செய்வர். நீண்ட தூரிகையை நீரில் தோய்த்துத் தரைக் கல்லில் எழுத்துகளை எழுதிச் செல்லும் முதியவர்களையும் காணலாம். கடைசி எழுத்தை எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து வெயிலில் உலர்ந்து மறைந்துவிடும். அது குறித்து எழுதியவர் வருந்துவதில்லை. அப்பூங்காவில் 1985 இல் நிறுவிய கற்சிலை ஒன்று உண்டு. அது கார்ல் மார்க்ஸ், பிரெடரிக் எங்கெல்ஸ் ஆகிய இருவரின் சிலையாகும். தன் நாட்டுத் தாடிக்காரர் இருவர் சீனப் பூங்காவில் நிற்பதைக் கண்டு ஜெர்மன் சிறுமி காரணம் வினவுவாள். அதற்கு விடை கூறத் தந்தைக்கு ஒரு பிற்பகல் போதாது.

பூங்காவில் அமர்ந்திருக்கும் பாட்டியர்க்கு அயல்நாட்டுப் பிள்ளைகள் மீது தனி உரிமை உண்டு. இளங்குளிர் வீசும் நாளில் பிள்ளை கழுத்துத் துணியின்றி வந்தால், முன்பின் அறியாத மூதாட்டி ஒருத்தி அதன் தாயை நிறுத்திக் கடிந்துகொள்வாள். பிள்ளையின் சட்டையைத் தானே இழுத்துவிடுவாள். குளிர்ந்த நீர் அருந்தக் கொடுப்பதைக் கண்டால் அவளால் பொறுக்க முடியாது. வெந்நீரே உடலுக்கு நல்லது என்பது சீனர் பலரின் உறுதியான கொள்கை. ஐரோப்பியத் தாய்க்கு இது முதலில் எரிச்சலூட்டும். தன் பிள்ளையை வளர்க்கத் தனக்குத் தெரியாதா என்று அவள் எண்ணுவாள். அக்கடிதல் உறவினர்க்குரிய உரிமையோடு வருவது என்பது விளங்கச் சில காலம் ஆகும்.

சீனப் பிள்ளைகளோடு கூடி விளையாடும் வாய்ப்பு நெடுநாள் அரிதாக இருந்தது. அவர்கள் சனியிலும் ஞாயிறிலும் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் தனிப்பயிற்சி வகுப்புகளுக்குச் சென்று வந்தனர். 2021 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கட்டாயக் கல்வி பெறும் மாணவர்களுக்கு வார இறுதியிலும் விடுமுறையிலும் பாடத் தனிப்பயிற்சி நடத்தலாகாது என்று அரசு ஆணையிட்டது. அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓய்வு கிட்டிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பியானோவும் நீச்சலும் சதுரங்கமும் அந்நேரத்தில் சிறிதைப் பற்றிக்கொண்டன. இருப்பினும், குடியிருப்பின் முற்றத்தில் பந்தாட ஆள் கிடைப்பது முன்னைவிட எளிதாயிற்று.

அண்டை வீட்டாரை இக்குடும்பங்கள் உண்மையில் அறிந்துகொண்டது ஒரு துன்பக் காலத்தில்தான். 2022 ஆம் ஆண்டு வசந்த காலத்தில், கொரோனா நோயைத் தடுக்கும் பொருட்டு, ஷாங்காய் நகரம் ஏறத்தாழ இரண்டு மாதம் அடைக்கப்பட்டது. யாரும் வீட்டைவிட்டு வெளியேற இயலவில்லை. கடைகள் மூடிக் கிடந்தன. ஒரு குடியிருப்பினர் அனைவரும் வீசாட்டில் ஒன்றுகூடி, முட்டையையும் அரிசியையும் காய்கறியையும் மொத்தமாகத் தருவித்துப் பங்கிட்டுக்கொண்டனர். அறிவிப்புகள் எல்லாம் சீன எழுத்தில் வந்தன. படிக்கத் தெரியாத அயல்நாட்டுக் குடும்பங்களுக்கு, அதுவரை மின்தூக்கியில் தலையசைத்ததோடு நின்ற அண்டை வீட்டாரே செய்தியைக் கூறினர். முட்டைக்கோசையும் வாசலில் வைத்துச் சென்றனர். அந்நாள்களில் சனிக்கும் செவ்வாய்க்கும் வேறுபாடு இல்லாமற் போயிற்று. அடைப்பு நீங்கியதும் அயல்நாட்டார் பலர் ஷாங்காயை விட்டே அகன்றனர். தங்கியவர்களோ, அண்டை வீட்டாரின் பெயர்களை அறிந்தவர்களாகத் தங்கினர்.

ஞாயிற்றுக்கிழமையில் தொலைவான இடத்துக்குச் செல்வது வழக்கம். இரண்டு யுவான் கொடுத்து ஹுவாங்பு ஆற்றைப் படகில் கடப்பது பிள்ளைகளுக்கு விருப்பமான செலவு. சில குடும்பங்கள் ஏதேனும் ஒரு ஞாயிறன்று ஹோங்கோ பகுதிக்குச் செல்கின்றன. அங்கே பழைய யூதத் தொழுகைக் கூடம் ஒன்று, 2007 முதல் அகதிகள் நினைவுக் காட்சிச்சாலையாக விளங்குகிறது. ஹிட்லரின் ஆட்சியில் உயிருக்கு அஞ்சி ஓடிய யூதர்களுக்கு உலகின் துறைமுகங்கள் பலவும் கதவடைத்தபோது, நுழைவுச் சீட்டின்றி இறங்க இடந்தந்தது ஷாங்காய். ஜெர்மனி, ஆஸ்திரியா முதலிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 20,000 பேர் வந்து சேர்ந்தனர். இத்தாலியத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி, வாரக்கணக்கில் கடலில் மிதந்து வந்தவர்கள் அவர்களுள் பலர். 1943 இல், நகரை ஆண்ட ஜப்பானியர் அவர்களை ஹோங்கோவின் குறுகிய பகுதி ஒன்றுக்குள் அடைத்தனர். வறிய சீனர்கள் நெருங்கி வாழ்ந்த அதே சந்துகளில் அவர்களும் வாழ்ந்தனர். அங்கேயே ரொட்டிக் கடையும் காப்பிக் கடையும் நடத்தினர். ஜெர்மன் மொழியில் செய்தித்தாள் வெளியிட்டனர். போர் முடிந்தபின் சில ஆண்டுகளில் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இஸ்ரேலுக்கும் பிரிந்து சென்றனர்.

காட்சிச்சாலையின் சுவரில் அவர்களுள் 13,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்திருக்கின்றனர். சீன எழுத்துகளின் நடுவே இரண்டாண்டு தடுமாறிய ஜெர்மன் சிறுமி, அச்சுவரின் முன் நின்று, முயற்சியே இன்றிப் பெயர் பெயராகப் படித்துச் செல்வாள். அவளுடைய வகுப்புத் தோழரின் குடும்பப் பெயர்களே அவற்றிலும் இருக்கும். இவர்களும் தந்தையின் வேலைக்காகவா இங்கு வந்தனர் என்று அவள் கேட்கும் கேள்வி பெற்றோரை வாயடைக்கச் செய்யும். மூன்றாண்டு உடன்படிக்கையும் திரும்பிச் செல்லப் பயணச்சீட்டும் கையில் வைத்துக்கொண்டு அயல்நாட்டில் வாழ்வது வேறு. திரும்புவதற்கு வீடே இல்லாமல் வாழ்வது வேறு. இதனைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வாறு கூறுவது என்பதைப் பெற்றோர் திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வருவர்.

ஞாயிறு மாலை நான்கு மணி என்றால் ஜெர்மனியில் குளிர்காலமாயின் காலை ஒன்பது மணி, கோடையாயின் பத்து. பாட்டனும் பாட்டியும் காலையுணவு மேசையில் அமர்ந்திருக்கும் நேரம் அது. சீனத்தில் அயல்நாட்டுச் செயலிகள் பல தடையின்றி இயங்காமையால், பேரப்பிள்ளைகளைக் காண்பதற்காகவே வீசாட்டைக் கற்றுக்கொண்ட முதியோர் பலர். கைப்பேசித் திரையில் முகம் தெரியும். பேச்சு ஓரிரு நொடி பிந்தி வரும். பாட்டி ஜெர்மன் மொழியில் கேட்டால், பேரன் ஆங்கிலச் சொல்லும் சீனச் சொல்லும் கலந்து விடையளிப்பான். இரண்டாம் முறையும் விளங்காதபோது, பாட்டி விளங்கியவள் போலச் சிரிப்பாள். சந்தையில் மகனைப் பெருமையோடு நோக்கிய தாய்க்கு அச்சிரிப்பு உள்ளத்தில் தைக்கும். அன்றிரவு முதல் ஜெர்மன் கதைப் புத்தகத்தை உரக்கப் படிக்கும் வழக்கம் வீட்டில் மீண்டும் தொடங்கும். சில வாரம் நடந்து, தளர்ந்து, மறுபடியும் தொடங்கும்.

அதே மாலைப் பொழுதில், சந்தை அடங்கும் நேரத்தில், கடைக்காரப் பெண்ணும் தக்காளிக் கூடைகளை அடுக்கிவிட்டுக் கைப்பேசியின் முன் அமர்வாள். நூற்றுக்கணக்கான கல் தொலைவில், சிற்றூரில் உள்ள அவள் பிள்ளையின் முகம் அதில் தோன்றும்.

ஓய்வு நாள் ஓய்வு நாளாகவே இருக்கும் என்பதும் உறுதியன்று. நீண்ட பண்டிகை விடுமுறையை இடைவெளியின்றி அமைப்பதற்காக, அதனை அடுத்துள்ள சனியையோ ஞாயிற்றையோ வேலை நாளாக மாற்றும் முறை சீனத்தில் உண்டு. அத்தகைய ஞாயிறன்று தந்தை அலுவலகத்துக்குச் செல்வார். அயல்நாட்டுப் பள்ளி சில வேளை அம்மாற்றத்தைப் பின்பற்றும். சில வேளை பின்பற்றாது. ஒரு வீட்டினுள்ளேயே ஒருவர்க்குத் திங்களும் மற்றவர்க்கு ஞாயிறுமாய் அந்நாள் கழியும்.

ஜூன் மாதத்தில் பள்ளியாண்டு முடியும்போது உடன்படிக்கை முடிந்த குடும்பங்கள் புறப்படுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சில இருக்கைகள் காலியாகும். ஆகஸ்டில் புதியவர் வந்து அமர்வர். எஞ்சியிருக்கும் பிள்ளைகள் முதல் ஆண்டில் அழுவர். மூன்றாம் ஆண்டில் அழுவதில்லை. புதியவர்களோடு நெருங்கிப் பழகுவதில் சற்றுக் காலந்தாழ்த்துவர். தம் முறை வரும்போது, பெட்டிகளைக் கட்டிய பின் வரும் கடைசிச் சனிக்கிழமையன்று, சமைப்பதற்கு வீட்டில் பாத்திரம் இல்லாவிடினும் குடும்பத்தார் சந்தைக்குச் சென்று வருகின்றனர். சிறுவன் ஆயியிடம் தாங்கள் போவதாகக் கூறுவான். எப்பொழுது திரும்புவீர்கள் என்று அவள் கேட்பாள். அதனை அவன் தந்தைக்கு மொழிபெயர்த்துச் சொல்லுவான். தந்தை விடை கூறும் வரையில் இருவரும் காத்து நிற்பர்.